வாக்குச்சீட்டில் ஒரு வினைவடிவம்

2011 ஜூன் 12, 13 ஆகிய இரண்டு நாளும் இத்தாலியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர் கையில் கொடுத்த சீட்டுகளில் ஒன்று அணுமின் நிலையங்களைப் பற்றியது. ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சீட்டில் இருந்த கேள்வி ‘வோலேத்தே கே சியானோ அப்ரோகாத்தி’ என்று தொடங்கியது. இன்ன ஆணையின் இன்ன உட்பிரிவுகள் நீக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறீர்களா என்பது அதன் பொருள். அந்நாட்டு அரசமைப்பின் 75-ஆம் பிரிவுப்படி இத்தகைய வாக்கெடுப்பால் இருக்கிற சட்டத்தை நீக்கலாமே தவிர, புதிய சட்டத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் அணுமின்சாரம் வேண்டாம் என்பவர் ‘ஆம்’ என்ற கட்டத்தில் கோடு போட வேண்டும். வேண்டும் என்பவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில். செல்லுபடியான வாக்களித்தவர்களில் 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் ‘ஆம்’ என்றார்கள். அதாவது, வேண்டாம் என்றார்கள்.

அந்தக் கேள்வியில் உள்ள ‘சியானோ’ என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ‘இருக்கின்றன’ என்று உறுதியாகச் சொல்வதானால் ‘சோனோ’ என்றிருக்கும். விருப்பம், ஐயம், அச்சம், கருத்து என்று எதன் கீழாவது வினை வந்தால் அது ‘சியானோ’வாக உருமாறும். இலக்கண நூல்கள் இதைக் ‘கொஞ்ஜுந்தீவோ’ என்கின்றன. வெளிநாட்டு மாணவர்கள் இத்தாலிய மொழியில் கடைசியாகக் கற்பதும், பலர் கடைசிவரை கற்காமலே விடுவதும் இதைத்தான். ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கையைத் தீர்மானித்த சீட்டு இந்த வினைவடிவத்தில் அச்சாகியிருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பொது விவகாரத்தைப் பேச வாயெடுத்தால் அந்த மொழியில் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

மூன்றாண்டு இத்தாலிய மொழி படித்தபின் நான் சேர்ந்த ஒரு மாலை வகுப்பில் இது எனக்கு உறைத்தது. அதற்குள் ரயில் சீட்டு வாங்கவும் மருந்துக்கடையில் தலைவலியை விளக்கவும் செய்தித்தாளை அகராதி அதிகம் தேடாமல் படிக்கவும் பழகியிருந்தேன். அன்றைய பேச்சு அணுமின்சாரத்தைப் பற்றியது. ஆபத்தானது என்றேன். எதிரே இருந்தவர், “பிரான்சிடமிருந்து மின்சாரம் வாங்குகிறார்களே, அதெல்லாம் எங்கிருந்து வருகிறதாம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் என்றால் ‘அப்படியே இருந்தாலும்’ என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் பேசியிருப்பேன். இத்தாலிய மொழியில் அந்த ‘இருந்தாலும்’ வரவில்லை. வர வேண்டியது ‘ஆன்கே சே ஃபோஸ்ஸே கொசீ’. ‘ஃபோஸ்ஸே’ என்பது அதே கொஞ்ஜுந்தீவோவின் இறந்தகால வடிவம். பயிற்சிப் புத்தகத்தில் நூறு முறை நிரப்பிய கோடிட்ட இடம்தான். தேவைப்பட்ட நொடியில் அது வாயில் இல்லை. ‘ஆமாம், ஆனால்...’ என்று இழுத்து நிறுத்திக்கொண்டேன்.

என் ஒருவனின் மந்தத்தால் வந்த தடுமாற்றம் இல்லை இது. பாவியா பல்கலைக்கழகத்தில் அன்னா ஜாக்கலோனே ராமாத் முதலிய மொழியியலாளர்கள் 1980களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இத்தாலியில் குடியேறி, பெரும்பாலும் வகுப்பறைப் பக்கமே போகாமல், வேலையிடத்திலும் தெருவிலும் மொழியைப் பிடித்துக்கொண்டவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, வினைவடிவங்கள் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்று பார்த்தார்கள். வந்தவர்களின் தாய்மொழி வேறு வேறாக இருந்தும் வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதலில் நிகழ்காலம், பிறகு முடிந்த செயலைச் சொல்லும் எச்சவடிவம், பிறகு தொடர் இறந்தகாலம், பிறகு எதிர்காலம். அதற்கும் பின்னால் ‘கொந்திட்ஸியொனாலே’ எனப்படும் நிபந்தனை வடிவம். கடைசிப் படியில் கொஞ்ஜுந்தீவோ.

இந்த வரிசையைச் சற்று உற்றுப் பார்த்தால், கீழ்ப்படிகள் எல்லாம் நடந்ததையும் நடப்பதையும் நடக்கப் போவதையும் சொல்லப் பயன்படுபவை என்பது தெரியும். மேல் இரண்டு படிகளும் நடக்காததை, நடந்திருக்கக்கூடியதை, பிறர் சொன்னதை, நான் நம்புவதைச் சொல்ல வேண்டியிருக்கும்போது மட்டும் தேவைப்படுபவை. தொழிற்சாலையிலும் சமையலறையிலும் வேலை செய்கிறவரிடம் யாரும் இத்தகைய வாக்கியங்களைக் கேட்பதில்லை. கேட்காத வாக்கியத்தை எவரும் கட்டப் போவதில்லை. மேல்நிலை இத்தாலிய மொழி கற்க விவாதம் உதவும் என்ற பேச்சைப் பல ஆசிரியர்கள் உற்சாகமூட்டும் உத்தியாகவே சொல்கிறார்கள்: வகுப்பு கலகலப்பாக இருக்கும், கூச்சம் போகும் என்கிறார்கள். காரணம் அதைவிட ஆழமானது என்பது என் எண்ணம். மேல்நிலை இலக்கணத்துக்கு இயல்பான வீடு விவாதம்தான். அந்த வடிவங்களுக்கு வேறு இடத்தில் வேலை குறைவு.

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகமும் இதை வேறு வகையில் ஒப்புக்கொள்கிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். கீழ்நிலைகளில் தன்னை அறிமுகப்படுத்துவது, வழி கேட்பது. பி2 வந்ததும் ஒரு பொதுப்பிரச்சினையில் தன் நிலைப்பாட்டைச் சாதக பாதகங்களோடு விளக்க முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பு மாறிவிடுகிறது. சியேனா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சில்ஸ் தேர்வானாலும் பெருஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் செலி தேர்வானாலும் மேல்நிலைகளில் தேர்வாளர் முன்னால் ஒரு கருத்தை எடுத்துக் காக்க வேண்டியிருக்கும்.

நிபந்தனை வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு அது சுவையாக இருக்கும். இத்தாலிய நாளிதழில் ‘இல் மினிஸ்த்ரோ அவ்ரெப்பே ரிஃபியுதாத்தோ’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் வழியாக இத்தாலிய மொழிக்குப் போனவர்கள் (நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறோம்) இதை ‘அமைச்சர் மறுத்திருப்பார்’ என்று படித்துவிட்டு, எந்த நிபந்தனையின்பேரில் என்று அடுத்த வரியில் தேடுவார்கள். நிபந்தனை எதுவும் இருக்காது. சரியான தமிழ் ‘அமைச்சர் மறுத்துவிட்டாராம்’. அவ்வளவுதான். செய்தி எனக்கு வந்தது, நான் பொறுப்பேற்கவில்லை என்பதை நாம் ‘ஆம்’ என்ற ஒட்டில் சொல்கிறோம். அவர்கள் நிபந்தனை வடிவத்தில் சொல்கிறார்கள். நம்முடையதில் கொஞ்சம் திண்ணைப் பேச்சின் வாடை அடிக்கும். அவர்களுடையதை நாளிதழ்கள் வழக்கில் மாட்டாதிருக்க அணியும் கவசமாக அன்றாடம் பயன்படுத்துகின்றன. விவாதத்தில் இதன் பயன் உடனே தெரியும். எதிராளி ஒரு தகவலை நிபந்தனை வடிவத்தில் வைத்தால், அதை உறுதியாகச் சொல்லும் துணிச்சல் அவரிடம் இல்லை என்று பொருள். ‘கீ லோ தீச்சே?’, யார் சொன்னது என்று கேட்டுவிடலாம். இந்த நுட்பம் தமிழ் பேசுகிறவனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுத்ததும் அதைத் தொலைத்துவிடுகிறான்.

விவாதித்தால் மேல்நிலை மொழி வரும் என்பதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அது பலவீனமான கட்சி இல்லை. நிறையப் பேசினால் மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிராக மொழியியலில் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒருவர் இருக்கிறார். ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர். ரிச்சர்டு ஷ்மிட் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் அவருக்கு வெஸ் என்று பெயர். கலகலப்பானவர், எவரோடும் ஆங்கிலத்தில் பேசிப் பழகுவார், காரியம் எதுவும் தடைபடாது. மூன்றாண்டு அவரைக் கவனித்ததில் பேச்சுத்திறன் வளர்ந்துகொண்டே போயிற்று. இலக்கணம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. வெஸ்ஸை இத்தாலிய விவாத மேசையில் உட்கார வைத்தால் ‘பென்ஸோ கே சியா’ (‘அப்படி என்று நினைக்கிறேன்’) என்று கொஞ்ஜுந்தீவோவில் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பென்ஸோ கே எ’ என்று தப்பும் தவறுமாக, ஆனால் பிரமாதமாக வாதாடி ஜெயித்துவிடுவார். ஜெயித்தபின் அந்தத் தவற்றை யார் அவரிடமிருந்து பிடுங்குவது?

மறுபக்கம் கனடா. அங்கே பாடங்களில் பெரும்பகுதியைப் பிரெஞ்சு மொழியில் கேட்டுப் படித்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளை மெரில் ஸ்வெயின் ஆராய்ந்தார். 1985-இல் வெளியான அவருடைய கட்டுரைப்படி, அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு அருகில் வந்துவிட்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் வெகுவாகப் பின்தங்கினார்கள். கேட்பவனுக்கு அரைகுறை இலக்கணம் போதும், மீதியைச் சூழல் நிரப்பிவிடும். சொல்பவனுக்குத்தான் முழு வடிவமும் தேவை என்றார் ஸ்வெயின். சொல்ல வரும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதே அவனுக்குத் தெரியவருகிறது. எனக்கு ‘ஃபோஸ்ஸே’ வராமல் போன அந்த நொடியை ஸ்வெயின் நல்ல நொடி என்றுதான் சொல்லியிருப்பார்.

வெஸ்ஸையும் கனடாப் பிள்ளைகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் வழி ஓரளவு புலப்படுகிறது. தடுமாறும் நொடி வேண்டும். அதற்குப் பிறகு யாராவது கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் செய்யும் திருத்தங்களில் பாதிக்கு மேல் மாணவன் சொன்னதையே சரியாக்கித் திருப்பிச் சொல்லும் வகை என்று தெரிந்தது. மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்ததும் அந்த வகையைத்தான். விவாதத்தில் இது இன்னும் மோசமாகும். ‘பென்ஸோ கே சியா’ என்று ஆசிரியர் மெல்லத் திருத்தினால், தன் கருத்தை ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மாணவன் மேலே போய்விடுவான். எனக்குப் பலன் தந்தது வேறொன்று: பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து, அன்றிரவே கேட்டு எழுதி, எங்கே வினை நழுவியது என்று பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் அதே வாதத்தைப் பாதி நேரத்தில் மறுபடி பேசுவது. கேட்கச் சகிக்காது. ஆனாலும் இரண்டாம் முறை பேசும்போது கருத்தைத் தேட வேண்டியதில்லை என்பதால் மூளைக்கு வினையைக் கவனிக்க இடம் கிடைக்கிறது.

வாதாடியே ஒரு மொழியின் உச்சிக்குப் போனவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் இத்தாலியர்கள் என்பதுதான் வேடிக்கை. ரோமில் பிறந்து 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து வந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடி லூத்தரன்களோடு மல்லுக்கட்டி ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று கண்டன நூல்களே எழுதினார். ‘தேம்பாவணி’ பாடிய கை அது. அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியதும் தரங்கம்பாடியில், அவர் எதிர்த்த அதே லூத்தரன் மிஷன் அச்சகத்தில்தான். அவருக்கும் லூத்தரன்களுக்கும் கருத்துப் பகை எவ்வளவு இருந்தாலும் தமிழ் வினைமுற்றுகளில் உடன்பாடு இருந்திருக்கிறது!

எதைப்பற்றி வாதாடுவது? இங்கேதான் பல பாடத்திட்டங்கள் ஏமாற்றுகின்றன. ‘உலகப் பிரச்சினைகள்’ என்று தலைப்புப் போட்டுக் காலநிலை மாற்றம், உலகமயமாதல், நிலைத்த வளர்ச்சி என்று அடுக்கிவிடுவார்கள். ‘குளோபலிட்ஸாட்ஸியோனே’, ‘சொஸ்தெனிபிலிதா’, ‘ரெசிலியென்ட்ஸா’ போன்ற சொற்கள் பல ஐரோப்பிய மொழிகளில் ஒரே அச்சில் வார்த்தவை. வால் மட்டும் மாறும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு இவை இலவசம். இவற்றை மட்டும் வைத்து அரைமணி நேரம் பேசி, தான் சி1-இல் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அது இத்தாலிய மொழியில் சொன்ன ஐ.நா. அறிக்கை. எழுத்தாளர் இதாலோ கால்வினோ 1965-இல் ‘எதிர்மொழி’ என்று பெயரிட்டுக் கிண்டல் செய்த நோய் இதற்கு நெருங்கிய உறவு. எளிதாகச் சொன்னதைக் காவல்நிலையத் தட்டச்சில் ஏற்றும்போது சொற்கள் வீங்கி, பொருள் செத்துப்போவதை அவர் காட்டினார்.

உலகப் பிரச்சினைக்கு இத்தாலிய உடம்பு ஒன்று இருக்கும். அதைப் பிடித்தால்தான் மொழி கிடைக்கும். போரையே எடுத்துக்கொள்ளலாம். 1948 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 11-ஆம் பிரிவு, இத்தாலி போரை என்ன செய்கிறது என்று சொல்ல ‘ரிபூதியா’ என்ற வினையை ஆள்கிறது. அந்தச் சொல்லை எட்டுவதற்குள் அரசமைப்பு அவையில் வேறு இரண்டு சொற்களை எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று ‘கண்டிக்கிறது’ என்ற பொருளுள்ள ‘கொந்தான்னா’. அது அறம் சார்ந்த சொல், சட்டத்துக்குப் போதாது. மற்றது ‘துறக்கிறது’ என்ற பொருளுள்ள ‘ரினுன்ட்ஸியா’. துறக்கிறோம் என்றால் போர் தொடுக்கும் உரிமை நம்மிடம் இருந்தது, பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறோம் என்றாகிவிடும்; அந்த உரிமையையே அல்லவா மறுக்க வேண்டும்? இரண்டையும் உள்ளடக்கிய ‘ரிபூதியா’வைத் தேர்ந்த காரணத்தை அவையில் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் மெவூச்சோ ரூயினி இப்படித்தான் விளக்கினார். தமிழில் இதற்கு என்ன சொல் போடுவது என்று யோசித்துப் பார்க்கலாம். ‘நிராகரிக்கிறது’ போதுமா, ‘உதறித் தள்ளுகிறது’ பொருந்துமா? சாதாரண இத்தாலியருக்கு ‘ரிபூதியா’ மனைவியைத் தள்ளிவைக்கும் கணவனையும் நினைவூட்டும். உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்புவது பற்றிய சர்ச்சையில் இரு தரப்பும் இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இந்த ஒரு வினையைச் சுற்றி ஒரு மணி நேரம் வாதாடும் மாணவன் பத்து அமைதி அறிக்கைகளைப் படித்தவனைவிட அதிக இத்தாலிய மொழியோடு வீடு திரும்புவான்.

அரசமைப்பை வகுப்பறைக்கு எடுத்துப்போக அஞ்ச வேண்டாம். மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோ எண்ணிப் பார்த்ததில் அதில் உள்ள தனிச்சொற்கள் 1,357. அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் அடிப்படைச் சொற்பட்டியலைச் சேர்ந்தவை. பி2 மாணவன் தாங்குவான்.

பேச்சின் ஒழுங்கும் கற்க வேண்டியது. இத்தாலியர் பேச்சில் குறுக்கே நுழைவது சண்டைக்கு மட்டும் அறிகுறி இல்லை, ஈடுபாட்டுக்கும் அதுவே அறிகுறி. முறைவைத்துக் காத்திருக்கும் அயல்நாட்டானுக்கு முறையே வராது. நுழைய உதவும் சிறுசொற்கள் அகராதியில் கால் வரி. பேச்சில் பாதிச் சுமையைத் தாங்குபவை. ‘ஆன்ட்ஸி’ என்றால் ‘இன்னும் சொல்லப்போனால்’; சொன்னதைத் திருப்பிப் போடவும் அதுவே. ‘மீக்கா’வைச் சேர்த்து மறுத்தால், எதிராளி வாய்விட்டுச் சொல்லாத ஊகத்தையும் சேர்த்து மறுத்ததாகும், நம் ‘ஒன்றும்’ போல: ‘அது ஒன்றும் உண்மையில்லை’. ‘இன்ஃபாத்தி’ ஆங்கிலத்தில் ஒலிக்கிற பொருளைத் தராது; ‘அதானே’ என்று ஒத்துக்கொள்வது. எதிர்க்கப் போகிற இடத்தில் ‘இன்ஃபாத்தி’ என்று ஆரம்பித்து எதிராளியைக் குளிர்வித்த அனுபவம் எனக்குண்டு. இவ்வளவுக்கும் நடுவில், மரியாதைக்கு ‘லேயி’ என்று படர்க்கைப் பெண்பாலில் விளிக்க வேண்டும். மீசை வைத்த பேராசிரியரானாலும் ‘லேயி’தான்.

இன்னொரு குழப்பம், எந்த இத்தாலிய மொழி என்பது. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதற்குப் பாடநூல் ‘சே லோ அவெஸ்ஸி சபூத்தோ, சரேயி வெனூத்தோ’ என்று நான்கு வினைத்துண்டுகளைக் கேட்கும். வீட்டில் ‘சே லோ சபேவோ, வெனீவோ’ என்று இரண்டில் முடித்துவிடுவார்கள். மொழியியலாளர் பிரான்செஸ்கோ சபாத்தீனி 1985-இல் இத்தகைய வடிவங்களைப் படித்தவர்களும் பேசும் நடுத்தர வழக்கு என்று விவரித்தார். மேடையில் நான்கு, மேசையில் இரண்டு. எந்த இடத்தில் எது என்று அறிவதும் சி1-இல் சேர்த்தி.

குடியேற்றத்தைப் பற்றி வாதாடும்போது சொல்லே கட்சியாகிவிடுகிறது. 2013 அக்டோபர் 3 அன்று லாம்பெதூசாத் தீவுக்கருகில் படகு கவிழ்ந்து 368 பேர் இறந்தார்கள். அவர்களை என்ன சொல்லிக் குறிப்பது? ‘க்ளாந்தெஸ்தீனோ’ என்றால் ஒளிந்து வந்தவன், பாதிக் குற்றவாளி. ‘ப்ரோஃபுகோ’ என்றால் வீடிழந்து ஓடிவந்தவன். ‘எக்ஸ்ட்ராகொமுனித்தாரியோ’ ஐரோப்பியச் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்ற வெறும் சட்டச்சொல். அதன்படி சுவிட்சர்லாந்துக்காரரும் அமெரிக்கரும் அதில் அடக்கம். ஆனால் அவர்களை ஒருவரும் அப்படி அழைப்பதில்லை. இத்தாலியப் பத்திரிகையாளர்கள் 2008-இல் ‘ரோமா சாசனம்’ என்ற நெறிமுறையை ஏற்றபோது இத்தகைய சொற்களைச் சரியாக ஆள வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மாணவன் ‘குடியேறிகள்’ என்பதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தவுடனே எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது மேசையில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும், அவனுக்குத் தெரியாவிட்டாலும்.

குடியுரிமை விவாதம் இதன் தொடர்ச்சி. 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் பொதுவாகப் பத்தாண்டு சட்டபூர்வமாக வசித்தபின்தான் விண்ணப்பிக்க முடியும். அதை ஐந்தாண்டாகக் குறைக்க 2025 ஜூனில் வாக்கெடுப்பு வந்தது. சுமார் 30 விழுக்காட்டினரே வாக்களித்ததால் செல்லாமல் போயிற்று. பாதிக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தால்தான் முடிவு செல்லும். 2018 இறுதியிலிருந்து விண்ணப்பதாரர் பி1 நிலை மொழித்தேர்ச்சியையும் காட்ட வேண்டும். பி1 என்றால் பாவியா ஏணியின் மேல்படிகளுக்குக் கீழே. அதாவது குடியுரிமை கேட்பவரிடம் அரசு எதிர்பார்க்கும் மொழி ஒன்று. அவருக்குக் குடியுரிமை தரலாமா என்று தொலைக்காட்சியில் நடக்கும் வாதத்தின் மொழி வேறொன்று. ‘கொடுத்தால்’, ‘கொடுத்திருந்தால்’, ‘கொடுக்கக் கூடாதென்றே வைத்துக்கொண்டாலும்’ என்று கொஞ்ஜுந்தீவோவும் கொந்திட்ஸியொனாலேயும் பின்னிப் போகும் அந்தப் பேச்சில், பேசப்படுகிறவர் குறுக்கிட முடியாது.

பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் போய் வணங்குவார்கள். இத்தாலியில் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது: பிறந்தது முதல் இடைவிடாமல் அங்கேயே சட்டபூர்வமாக வசித்திருந்தால், 18 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஓராண்டு அவகாசம், 19 நிறைவதற்குள். அந்த விண்ணப்பத்துக்குத் தேவையான வாக்கியத்தில் கொஞ்ஜுந்தீவோ கிடையாது. ‘சோனோ நாத்தோ கூயி’, நான் இங்கே பிறந்தேன்.